நான்கு நாள் கடற்கரை: எந்த வேலைக்கு எந்த நேரம்?

கேள்வி: அடுத்த மாதம் நான்கு நாள் ஒரு கடலோர ஊருக்குப் போகிறோம். நான், கணவர், 12 வயது மகன், 5 வயது மகள், மாமனார், மாமியார். சென்ற முறை போனபோது முதல் நாளே எல்லோருக்கும் தோல் வெந்துவிட்டது. குடை காற்றில் பறந்தது. மணல் வீடு எழும்பவே இல்லை. இரண்டாம் நாளிலிருந்து பிள்ளைகள் ‘போரடிக்குது’ என்று அறையிலேயே டிவி பார்த்தார்கள். கணவர் நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவார். மாமனாருக்குச் சர்க்கரை, மாமியாருக்கு முழங்கால் வலி. ‘கடல்ல என்ன இருக்கு, சும்மா உக்காந்து பாக்கறதுதானே’ என்கிறார் மாமியார். நான்கு நாளையும் உருப்படியாகக் கழிக்க என்ன செய்யலாம்?

பதில்: தோல் வெந்தது, குடை பறந்தது, மணல் வீடு எழும்பவில்லை என்று மூன்று தொல்லை எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் முதல் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும்: நேரம். நிதானமாகப் பத்தரை மணிக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் தண்ணீரில் இறங்கி, கடற்காற்று வலுக்கும் மதியத்தில் குடை நட்டு, தண்ணீர் ஏறிவரும் வேளையில் மணல் வீடு கட்டத் தொடங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கடற்கரையில் செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாளில் இரண்டு மூன்று மணி நேரம்தான் பொருந்தும். அந்த மணி தினமும் நகரவும் செய்யும்.

அதனால் முதல் வேலை, போகும் ஊருக்கோ அதற்கு மிக அருகிலுள்ள துறைமுகத்துக்கோ உரிய ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலை எடுத்து, நான்கு நாளின் ஏற்ற வற்ற நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வது. பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரு முறை ஏறி இரு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். எனவே இன்று காலை 7 மணிக்கு வற்றம் என்றால் நாளை 7:50 வாக்கில், அதற்கு மறுநாள் 8:40 வாக்கில் வரும். சில கரைகளில் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம்தான். அட்டவணையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நேரத்துக்குப் பக்கத்தில் உயரத்தை மீட்டரில் போட்டிருப்பார்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை மீட்டருக்குள் என்றால் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வெயிலையும் காற்றையும் மட்டும் பார்த்தால் போதும். இரண்டு மீட்டரைத் தாண்டினால் அந்த ஊரில் உங்கள் நாளைக் கடல்தான் முடிவு செய்யும்.

அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் வித்தியாசம் மிக அதிகம்; அட்டமியை ஒட்டி மிகக் குறைவு. தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் அமாவாசையையோ பௌர்ணமியையோ அடுத்து வரும் நாட்களைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் மற்ற நாளில் நீருக்கடியில் கிடக்கும் பாறைகள் வெளியே வரும்.

ஏறும் ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே சீராக ஏறாது. மொத்த உயரத்தைப் 12 பங்காக வைத்தால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1. நடுவில் உள்ள இரண்டே மணியில் பாதி உயரம் ஏறிவிடும். ‘ஒரு மணி நேரமாகப் பார்க்கிறோம், தண்ணீர் நகரவே இல்லை’ என்று பாறையில் உட்கார்ந்திருப்பவர்கள் மூன்றாம் மணியில் திரும்பிப் பார்க்கும்போது வந்த வழி மூழ்கியிருப்பது இதனால்தான்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். நீங்கள் போய்ச் சேரும் நாளில் காலை 7 மணிக்கு வற்றம், மதியம் 1:10க்கு ஏற்றம். முதல் நாள் மாலை 4 மணிக்கு மணல் வேலை: தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும், வெயிலும் தாழ்ந்திருக்கும். இரண்டாம் நாள் அதிகாலையில் படகு. மூன்றாம் நாள் வற்றம் 8:40க்கு. வற்றத்தில் பாறைகளுக்கிடையே நீர் தேங்கி நிற்கும் பாறைக் குட்டைகளுக்கு 7 மணிக்கே போய்விடலாம். நான்காம் நாள் 9:30க்கு வற்றம், அதை ஒட்டி ஈரமணலில் நீண்ட நடை, பிறகு மூட்டை கட்டுதல். வெயிலைப் பார்த்தால் கடல் குளியல் தினமும் காலை பத்துக்குள்ளோ மாலை நாலுக்கு மேலோ. நடுப்பகல் அறைக்கும் தூக்கத்துக்கும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய வேலைக்கு மேல் வைக்காதீர்கள். 5 வயதுக் குழந்தையும் முழங்கால் வலிக்காரரும் சேர்ந்த குடும்பத்தில் இரண்டாவது வேலை எப்போதும் அழுகையில்தான் முடியும். படகை இரண்டாம் நாளில் வைத்ததற்குக் காரணம் உண்டு. காற்று சரியில்லை என்று ரத்தானால் மாற்றிப்போட இன்னும் இரண்டு காலை கையில் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்தால், வானிலை மோசமானாலும் ‘வந்ததற்குப் போய்விட்டே வருவோம்’ என்று தோன்றும். அந்த எண்ணம் ஆபத்தானது.

இனி குளியல். இதில்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதுவும் உங்கள் கணவரை முன்னிட்டு. குளத்தில் நீந்தத் தெரிந்தவருக்குக் கடலில் ஒரு பங்கு தைரியம் கூடுதலாக இருக்கும். அந்தத் தைரியத்துக்கு ஏற்ற பழக்கம் இருக்காது. குளத்துத் தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும். கரையில் அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது ஒரு வாய்க்கால் வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வாய்க்கால்தான் ரிப் கரண்ட் என்று சொல்லும் இழுப்பு நீரோட்டம். பெரும்பாலும் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும். சில சமயம் 2 மீட்டரையும் தாண்டும். நன்றாக நீந்துபவர்கூட விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தை வெகுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. எதிர்த்து நீந்துபவர் மூழ்குவது களைப்பினால்.

இதைக் கரையிலிருந்தே பார்த்துவிடலாம். இறங்குவதற்கு முன் மணல்மேட்டிலோ படிக்கட்டிலோ நின்று பத்து நிமிடம் அலையைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, சிலுசிலுவென்று இருக்கும். நுரையோ குப்பையோ கலங்கிய மணலோ அந்தப் பட்டையில் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். குழந்தையோடு வரும் பெற்றோர் ‘இங்கேதான் அலை இல்லை’ என்று தேடிப் பிடித்து இறங்குவது பெரும்பாலும் அதே இடத்தில்தான். பாறை, அலைத்தடுப்புச் சுவர், பாலத் தூண் ஆகியவற்றை ஒட்டியும் இந்த ஓட்டம் நிலையாக இருக்கும். பல கரைகளில் நீர் வற்றும் வேளையில் இழுப்பு கூடும். எடுத்துக்காட்டு நாட்களில் மாலையில் நீர் இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால், காலையில் வற்றம் முடிந்து நீர் ஏறத் தொடங்கிய பிறகு குளிக்கச் சொல்வேன்.

மாட்டிக்கொண்டால் முதலில் மிதக்க வேண்டும். மல்லாந்து மூச்சைச் சரிப்படுத்திக்கொண்டு ஒரு கையை உயர்த்திக் காட்ட வேண்டும். இந்த ஓட்டம் ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் பெரும்பாலும் வலு குறைந்துவிடும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில், வெள்ளையாக அலை உடையும் பக்கம் பார்த்து நீந்தி, அலையோடு சாய்வாகக் கரை சேரலாம். இதைக் கணவரும் மகனும் அறையிலேயே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். இன்னொருவர் மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் குதித்துக் காப்பாற்றப் போகக் கூடாது. உயிர்காப்பாளரைக் கூப்பிட்டுக்கொண்டே மிதக்கும் எதையாவது வீசுங்கள்: மூடி இறுகிய காலி கேன், பந்து, மிதவைப் பலகை. காப்பாற்றப் போனவரே மூழ்கி, மாட்டிக்கொண்டவர் தானாகக் கரை சேர்வது உலகெங்கும் நடப்பதுதான்.

உயிர்காப்பாளர் இருக்கும் கரையையே தேர்ந்தெடுங்கள். மேல்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு இடையில் குளிக்க வேண்டும் என்று பொருள். முழுச் சிவப்பு என்றால் கடல் அபாயமாக இருக்கிறது. ஊதாக் கொடி பறந்தால் கொட்டும் உயிரினங்கள் வந்திருக்கின்றன. கொடி வழக்கம் இடத்துக்கு இடம் சற்று மாறும் என்பதால் அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுங்கள். ஐந்து வயது மகள் முழங்கால் ஆழத்தைத் தாண்ட வேண்டாம். கூட இருப்பவர் கை நீட்டினால் பிடிக்கும் தூரத்தில், அவளுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அந்த ஆள் யார் என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். நான்கு பெரியவர்கள் இருக்கும்போது நால்வரும் மற்ற மூவர் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பதுண்டு. காற்றடைத்த மிதவைகளைக் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று சில நிமிடங்களில் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடும். கரைக்கருகே திடீரெனச் சரியும் கடலில் அலை ஆளுயரத்துக்கு எழுந்து மணல்மீதே அறைந்து விழும். அங்கே தலைகுப்புறப் பாய்ந்தால் கழுத்தெலும்பு போகும். மகனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மணலடியில் திருக்கை படுத்திருக்கக்கூடிய வெதுவெதுப்பான கடலில், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது அதிர்வு உணர்ந்து விலகிவிடும். குத்திவிட்டால் சுடுநீர்: 40 முதல் 45 பாகை செல்சியஸ், பெரியவர் தன் கையில் தாங்கிப் பார்த்த பிறகு, 30 முதல் 90 நிமிடம் மூழ்க வைத்தால் வலி இறங்கும். பிறகு மருத்துவரிடம் காட்டியாக வேண்டும், முள் உள்ளே ஒடிந்திருக்கலாம். ஜெல்லி மீன், அதாவது சொறி, பட்டால் கரையேறி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்து, கடல் நீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் வெடிக்காமல் மிச்சமிருக்கும் கொட்டும் செல்களும் வெடிக்கும். மணல் போட்டுத் தேய்ப்பதும் அதையே செய்யும். வினிகர் சில வகைக்கு நல்லது, சில வகைக்குக் கெடுதல். அந்தக் கரையில் எந்த வகை வருகிறது என்று உயிர்காப்பாளரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, முகம் வீங்குவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, அட்டவணைக்குச் சம்பந்தமில்லாமல் கடல் திடீரென உள்வாங்கினாலோ பொருட்களை அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்குப் போங்கள்.

வெயில் விஷயத்தில் ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக்கதிர் கடுமையாக இருக்கும் நேரம் அது. மேகம் இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, மெல்லிய மேகத்தைக் கதிர் பெரும்பாலும் கடந்துவிடும். உலர்ந்த மணல் சுமார் 15 விழுக்காடும், கடல் நுரை 25 விழுக்காடும் கதிரைத் திருப்பி அடிக்கும். குடைக்கடியில் இருந்தும் வெந்தது இதனால்தான். சன்ஸ்கிரீனில் எல்லோரும் செய்யும் தவறு அளவு. உடல் முழுக்கப் பூச ஒரு பெரியவருக்கு ஏறத்தாழ 35 மில்லி வேண்டும், அதாவது ஏழு தேக்கரண்டி. 100 மில்லிக் குழாய் ஒருவருக்கு மூன்று தடவைக்குக்கூட வராது. ஆறு பேர், நான்கு நாள் என்று கணக்குப் போட்டால் மலைத்துப் போவீர்கள். அதனால் உடையை நம்புங்கள்: நெருக்கமான நெய்வுள்ள முழுக்கை நீச்சல் சட்டை, பிடரியை மூடும் தொப்பி. முகம், காது, பிடரி, புறங்கை, புறங்கால் இவற்றுக்கு மட்டும் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், வெளியே போக இருபது நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணிக்கொரு முறையும் குளித்துத் துடைத்த பின்பும் மறுபடி பூசுங்கள். நனைந்த வெள்ளைப் பருத்தி டிசட்டை பெரிதாகக் காப்பாற்றாது.

குடையை மணலில் குத்தி விடுவது போதாது. கம்பத்தை முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி இறக்கினால் தானே ஆழம் போகும். குறைந்தது அரை மீட்டர் இறங்க வேண்டும். பிறகு சுற்றி ஈரமணல் போட்டு மிதித்து இறுக்கி, குடையின் தலையைக் காற்று வரும் திசைக்குச் சாயுங்கள். காற்றுக்கு முதுகு காட்டிச் சாய்த்தால் அதன் வயிற்றில் காற்று புகுந்து தூக்கிவிடும். காலையில் அமைதியாக இருந்ததே என்று நம்பவும் வேண்டாம். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழ, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று ஓடிவரும். பிற்பகலில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். குடையை மடக்க வேண்டிய நேரமும் பட்டம் விட ஏற்ற நேரமும் ஒன்றுதான்.

மணல் வீடு எழும்பாததற்கு நேரத்தோடு இன்னும் இரண்டு காரணம் இருக்கலாம்: மணலில் தண்ணீர் குறைவு, அழுத்தம் குறைவு. மணல்துகள்களை ஒட்டவைப்பது அவற்றுக்கிடையே பாலம் போல நிற்கும் மெல்லிய நீர்ப்படலம். நீரே இல்லையென்றால் உதிரும், மிஞ்சினால் குழம்பாகி வழியும். எட்டு வாளி உலர்மணலுக்கு ஒரு வாளித் தண்ணீர் என்று தொடங்குங்கள். கையில் உருண்டை பிடித்து உள்ளங்கையில் மெல்ல உருட்டினால் உடையாமல் இருக்க வேண்டும். உருண்டை பிடிக்காத பருமணலில் யார் கட்டினாலும் நிற்காது. நூறு அடி தள்ளிப்போய்ப் பாருங்கள்.

இடம், கடைசி ஏற்றம் விட்டுச் சென்ற ஈரக்கோட்டுக்குச் சற்று மேலே. நேரம், ஏற்றம் கழிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பின். முதலில் பக்கத்தில் ஒரு சிறு குழி தோண்டினால் ஊற்று வந்துவிடும், தண்ணீருக்கு அலையிடம் ஓட வேண்டாம். பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்தெடுத்து வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். இது ஒன்றுதான் வீட்டுக்கும் கோபுரத்துக்கும் உள்ள வித்தியாசம். அதை வாய் கீழாகக் கவிழ்த்து வைத்து, மேல் ஓட்டை வழியாக நாலு விரல் கனத்துக்கு மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, முஷ்டியால் குத்தி இறுக்கி, மறுபடி அடுத்த அடுக்கு. நிறைந்ததும் வாளியின் பக்கத்தைத் தட்டி நேராக மேலே உருவுங்கள். சாதாரண வாளியைக் கவிழ்க்கும்போது விழும் வெடிப்பு இதில் வராது. இரண்டு மூன்று கட்டிகளை அடுக்கி, செதுக்குவதை உச்சியிலிருந்து கீழே கொண்டுவாருங்கள். கீழிருந்து தொடங்கினால் மேலே செதுக்கும் மணல் விழுந்து முடித்ததைக் கெடுக்கும். பழைய தேக்கரண்டி, மழுங்கிய வெண்ணெய்க் கத்தி, உதிரியை ஊதித் தள்ள உறிஞ்சுகுழல், வெயிலில் காயாமலிருக்கத் தண்ணீர் தெளிக்கும் புட்டி: கருவிகள் இவ்வளவே. மகன் செதுக்கட்டும். குத்தி இறுக்கும் வேலையில் மகளை மிஞ்ச ஆள் கிடையாது.

குழி தோண்டுவதற்கு மட்டும் ஒரு சட்டம் போடுங்கள்: அங்கிருக்கும் மிகச் சிறிய குழந்தையின் முழங்காலுக்கு மேல் ஆழம் கூடாது, பக்கவாட்டில் சுரங்கம் குடையவே கூடாது. காய்ந்த மணல் முன்னறிவிப்பின்றிச் சரியும்; மேலிருந்து தோண்டத் தோண்ட அது மறுபடி உள்ளே வழியும் என்பதால் புதைந்தவரை மீட்பது மிகக் கடினம். கிளம்பும்போது குழியை மூடிவிட்டு வாருங்கள்.

பாறைக் குட்டைகள்தான் இந்த நான்கு நாளில் உங்கள் மகனை டிவியிலிருந்து பிரிக்கப் போகும் இடம் என்று நினைக்கிறேன். வற்ற நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே போய், இறங்கும் தண்ணீரின் பின்னாலேயே நடந்து, அட்டவணை சொல்லும் வற்ற நேரம் வந்ததும் திரும்பிவிட வேண்டும். கைபேசியில் அந்த நேரத்துக்கு அலாரம் வையுங்கள். செருப்பு வேண்டாம், அடி தேயாத பழைய கேன்வாஸ் காலணி, இறுக்கிக் கட்டியது. பாறையில் கருப்பாகவோ பச்சையாகவோ வழவழவென்று தெரியும் பட்டைதான் வழுக்கும். கொட்டலசு எனும் சிறு ஓட்டு உயிரினம் ஒட்டிய சொரசொர பாறையில் கால் பிடிக்கும், ஆனால் விழுந்தால் தோலைச் சீவிவிடும்.

குட்டைக்குள் பார்க்க வரும் தடை, மேற்பரப்பின் பளபளப்பு. அடிப்பாகம் தெளிவாக உள்ள ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீரின் மேல் லேசாக அழுத்தி அதன் வழியாகப் பாருங்கள். உள்ளே எல்லாம் துல்லியமாகத் தெரியும். குட்டை அருகே போனதும் யாரும் அசையாமல் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். நிழல் பட்டதும் ஒளிந்துகொண்ட நண்டும் இறாலும் அதற்குப் பிறகே வெளியே வரும். சங்கு ஒன்று நடந்தால் உள்ளே இருப்பது துறவி நண்டு. பூப்போல விரிந்து, தொட்டால் சுருங்குவது கடல் சாமந்தி. கல்லைப் புரட்டினால் பார்த்துவிட்டு அதே பக்கமாக, அதே இடத்தில் மெதுவாகத் திருப்பி வையுங்கள். கல்லின் அடியில் வாழ்பவை வெயிலில் செத்துப்போகும். டப்பாவில் எடுத்ததைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்த குட்டையிலேயே விடச் சொல்லுங்கள், சிறு தண்ணீர் சீக்கிரம் சூடாகி அதில் பிராணவாயு குறையும். வெப்பக் கடல்களில் கூம்பு வடிவில், அழகான கோலம் போட்ட சங்கைக் கையில் எடுக்கவே கூடாது. உயிரோடிருந்தால் அது விஷ முள்ளைச் செலுத்தும், ஆளைக் கொல்லக்கூடிய வகைகளும் உண்டு. நீல வளையங்கள் மின்னும் சிறு ஆக்டோபஸும் அப்படித்தான்.

கரையில் ஒதுங்கியதைப் பொறுக்குவதற்கு ஏற்றம் விட்டுச்சென்ற குப்பைக்கோட்டை ஒட்டி நடங்கள். கணவாய் ஓடு, அலை தேய்த்து மழுங்கிய கண்ணாடிச் சில்லு, சில சுறா வகைகளின் தோல்பை போன்ற முட்டை உறை எல்லாம் கிடைக்கும். காற்றடித்த இரவுக்கு மறுநாள் காலை அறுவடை அதிகம். நீலப் பலூன் போலக் கிடப்பதைத் தொட வேண்டாம், செத்தும் கொட்டும். பவளம், சங்கு எடுத்துச் செல்லத் தடையுள்ள இடங்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

படகைப் பற்றிச் சுருக்கமாக. ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா, குழந்தை அளவில் கால்களுக்கிடையே வார் உள்ளது இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். சட்டையை மாட்டி மகளின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் அது காதுவரை ஏறக் கூடாது. குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு. நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கட்டும். கைபேசியைப் பார்ப்பவர்தான் முதலில் வாந்தி எடுப்பார்.

மாமனாருக்கு ஒரே கண்டிப்பு: வெறுங்கால் கூடாது. நடுப்பகலில் மணல் 50 பாகைக்கு மேல் சுடும். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் வெந்ததே தெரியாது, சிப்பி கிழித்ததும் தெரியாது. தண்ணீரிலும் காலணியோடு இறங்கட்டும். இரவு நல்ல தண்ணீரில் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தை யாராவது பார்த்துவிடுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் அதைக் காரில் விட வேண்டாம், ஐஸ்மீது நேராகவும் வைக்க வேண்டாம். சில நீர்மாத்திரைகளும் சில ஆன்டிபயாடிக்குகளும் தோலை வெயிலுக்கு எளிதில் வேகவைக்கும் என்பதால், பெரியவர்கள் இருவரின் மருந்துச்சீட்டையும் கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமியாரை மெத்தென்ற மேல்மணலில் நடக்க வைக்காதீர்கள். கால் புதைந்து முழங்காலைத் திருகும். வற்ற நேரத்தில் தண்ணீர் விட்டுச்சென்ற ஈரமணல் சமதரையைப் போல இறுகியிருக்கும், அதில் கைத்தடியோடு தாராளமாக நடக்கலாம். கடற்கரை சரிவாக இருந்தால் போகும்போது ஒரு கால் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில் இருக்கும். கொஞ்ச தூரம் போய் அதே வழியில் திரும்பினால் இரு முழங்காலுக்கும் பாரம் சமமாகும். மடக்கு நாற்காலியின் கால்களுக்கடியில் இரண்டு பலகைத் துண்டு வைத்தால் புதையாது.

பொருட்கள் பற்றிச் சில வார்த்தை. கைபேசி கடல்நீரில் நனைந்தால் அணைத்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, முழுக்க உலரும்வரை சார்ஜ் போடாதீர்கள். உப்பும் மின்சாரமும் சேர்ந்தால் சார்ஜ் போடும் துளை வேகமாக அரிக்கும். மின்னணுக் கார் சாவி நீச்சல் உடைப் பையில் போக வேண்டாம். காலில் ஒட்டிய மணலுக்குத் தண்ணீரைவிடக் குழந்தைப் பவுடர் மேல்: தூவித் தட்டினால் உதிர்ந்துவிடும்.

‘சும்மா உக்காந்து பாக்கறதுதானே’ என்ற மாமியாருக்கு வருகிறேன். உட்கார்ந்து பார்ப்பதிலும் வேலை இருக்கிறது. கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். நீரோரம் நிற்கும் பெரியவருக்குச் சுமார் நாலரை. 36 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் மாடத்தில் நிற்பவருக்கு 21க்கு மேல். பேரனிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். வெளியே போகும் கப்பலின் உடல் முதலில் மறைந்து மேல்தட்டு மட்டும் மிதப்பதைத் தொலைநோக்கியில் பார்க்கலாம். இரவில் கலங்கரை விளக்கம் எத்தனை விநாடிக்கொரு முறை, எத்தனை சிமிட்டல் என்று எண்ணலாம். மாலுமி இருட்டில் அடையாளம் காண்பதற்காக அக்கம்பக்கத்து விளக்கங்களுக்கு வெவ்வேறு தாளம் கொடுத்திருப்பார்கள். நிலவில்லாத இரவில், விளக்கு வெளிச்சம் படாத கரையில், அலை உடையும்போது நீலமாக ஒளிர்கிறதா என்று பாருங்கள். நுண்ணுயிர்கள் கலங்கும்போது விடும் வெளிச்சம் அது. தினமும் வராது, வந்தால் ஈரமணலில் கால் வைத்த இடமும் மின்னும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும், அதுவரை கைபேசித் திரையைத் திறக்கக் கூடாது.

கடல் மேற்கே இருக்கும் ஊர் என்றால் இன்னொன்றும் செய்யலாம். சூரியனின் கடைசி விளிம்பு மறையும் கணத்தில் மகன் ஈரமணலில் படுத்திருக்கட்டும். அவனுக்கு மறைந்ததும் சட்டென எழுந்து நின்றால் விளிம்பு மறுபடி தெரியும். சில விநாடி கழித்து அவன் கண்ணெதிரே இரண்டாம் முறை மறையும். கடல் கிழக்கே என்றால் இதையே விடியலில் தலைகீழாக, நின்று பார்த்துவிட்டு உடனே படுக்க வேண்டும். பளிச்சென்ற முழுச் சூரியனை யாரும் உற்றுப் பார்க்க வேண்டாம், விளிம்பு மட்டும் இருக்கும் அந்தக் கணத்தில் பார்த்தால் போதும். மாமியார் நாற்காலியில் இருந்தபடி விநாடி எண்ணட்டும்.